ஒரு சதவீதம் – நாட்குறிப்பு

நவம்பர் 4, ஸ்டாக்ஹோம்
குளிர்பெட்டியின் குமிழை யாரோ திருகியிருக்கிறார்கள். மூன்று ஜாடியும் உறைந்துவிட்டன. உருகவிட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த நானோசெல்லுலோஸ் கூழ் (மரத்தின் மிக நுண்ணிய இழைகள், தண்ணீரில்), திரிந்த பால் ஆகிவிட்டது. தண்ணீர் தனி, திப்பி தனி. பனிக்கட்டி வளரும்போது இழைகளையெல்லாம் ஓர் ஓரமாக நெருக்கித் தள்ளும். ஒட்டியது ஒட்டியதுதான்.

ஆறு வாரம்.

நவம்பர் 5
யாரென்று கேட்கவில்லை.

நவம்பர் 9
அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தானாம். மோர், ரசம் எல்லாம் அதற்குள். காலையிலேயே பாட்டிலில் பிடித்துவைத்துக்கொள்கிறாராம். "ஏங்கண்ணு, மறுபடியும் மொதல்ல இருந்தா?" என்றாள் அம்மா. நாளைக்கு டெம்போ போட வேண்டும் என்றேன். "மரம் ஏத்தவா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தேன்.

நவம்பர் 10
ஏற்றவில்லை, இறக்கவில்லை. ஸ்புரூஸ் மரக்கூழைக் கரைத்து, துளி டெம்போ என்ற வினையூக்கி, சோடியம் புரோமைடு, அப்புறம் ஹைப்போகுளோரைட். பிஎச் 10-லிருந்து இறங்க இறங்கக் காரத்தைச் சொட்டவிட வேண்டும். எப்போது சொட்டு தேவைப்படவில்லையோ அப்போது முடிந்தது. இழைகளின் மேல் எதிர்மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கும். பிறகு கொஞ்சம் அடித்தாலே 3, 4 நானோமீட்டர் தடிமனுக்குப் பிரிந்துவிடும். 1977-இல் அமெரிக்காவில் டர்பாக் குழுவினருக்கு இந்த வழி தெரியாது. பாலுக்கான ஹோமோஜினைசரில் மரக்கூழை விட்டு அடித்துத்தான் எடுத்தார்கள். கரன்ட் செலவு கட்டுப்படியாகாமல் விஷயம் வெகுகாலம் கிடந்தது. டோக்கியோவில் இசோகாய், சைட்டோ இருவரும் இந்த டெம்போவைப் பிடித்துக்கொண்டார்கள். 2015-இல் நிஷியாமாவோடு சேர்த்து, மர ஆராய்ச்சிக்குத் தரும் மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு. அவர்கள் ஜாடியும் ஒருநாள் உறைந்திருக்கும்தானே?

இரவு 8.20. இன்னும் சொட்டுகிறது.

நவம்பர் 19
டிசம்பர் 31-க்குப் பிறகு என்ன என்று பேராசிரியரிடம் கேட்டேன். நிதி முடிவு வரட்டும் என்றார். பன்னிரண்டு வருடத்தில், மூன்று நாட்டில், இது நான்காவது 'வரட்டும்'.

நவம்பர் 20
வரவில்லை.

நவம்பர் 26
ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர். ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன், கூழ் அசையவில்லை, அசந்துபோனார்கள். உடனே வழக்கமான கேள்வி: "பொடியாகத் தர முடியுமா?" நியாயம்தான். நூறு கிலோ அனுப்பினால் சரக்கு ஒரு கிலோ, மீதி 99 கிலோ தண்ணீருக்கு லாரி வாடகை. ஆனால் காயவைத்தால் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய கூழ் திரும்பாது.

புகளூர் காகித ஆலையில் கரும்புச் சக்கைக் குவியல்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே முப்பது வருடம் கூழ் பிரிவில் இருந்தவர். காய்ந்த கூழ் கிழட்டுக் கூழ் என்பார். எனக்கு அதைச் சொல்ல நாற்பது பக்கம் தேவைப்பட்டது.

நவம்பர் 29
மூன்று மணிக்கே இருட்டு. பாத்திரம் கழுவவில்லை.

டிசம்பர் 2
அப்பாவே போனை வாங்கிப் பேசினார். குரல் வறண்டிருந்தது. இன்னும் கால் பாட்டில் மீதி இருக்கிறதாம், ராத்திரிக்கு வைத்திருக்கிறாராம்.

"உன் கூழு என்ன ஆச்சு?"

நல்லா இருக்குங்கப்பா.

டிசம்பர் 5
புது ஜாடிகள் நான்கு. குளிர்பெட்டிக் குமிழின்மேல் டேப் ஒட்டினேன். லேபிளில் பெயர் எழுதினேன். 'காலாவதி' என்ற இடத்தில்