சைலன்ட் ஹில் படத்தை சும்மா குறை சொல்லாதீங்க

வீடியோ கேமை வச்சு எடுத்த பேய்ப்படம் எதுவும் உருப்படாதுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா நான் உடனே 2006ல வந்த சைலன்ட் ஹில்லைத்தான் எடுத்து வைப்பேன், அவங்களும் உடனே "அதுவா, அதுல கதையே புரியாதே மச்சா"ம்பாங்க. இங்க பெங்களூர்ல எங்க ஆபீஸ்ல கேம் ஆடற தமிழ்ப் பசங்க ஒரு செட்டு இருக்கோம், டீ குடிக்க இறங்கினா இந்த சண்டை வராம இருக்காது. ஆனா முழுசா பேசி முடிக்கறதுக்குள்ள மீட்டிங்னு ஓடிடறானுங்க, அதான் இங்க உட்கார்ந்து எழுதறேன். படம் பாக்காதவங்க இதோட நிறுத்திக்குங்க, கிளைமாக்ஸ் வரைக்கும் சொல்லப் போறேன்.

கதை புரியலங்கற குறை புதுசு இல்ல. படம் வந்தப்பவே அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒன்றரை ஸ்டார் குடுத்து தனக்கு ஒண்ணும் விளங்கலன்னு எழுதிட்டாரு. அவரு எழுத்து எனக்குப் பிடிக்கும், ஆனா இந்தப் படத்துல அவரு தேடினது கதையை, படம் குடுக்கறது ஒரு ஊரை. 1999ல பிளேஸ்டேஷன்ல முதல் கேம் வந்தப்போ ஆடி முடிச்சவன்கிட்ட கதையைச் சொல்லுடான்னு கேட்டிருந்தா அவனும் முழிச்சிருப்பான், ஆனா பனிமூட்டத்துல தெருவுல நடக்கும்போது பாக்கெட்ல இருக்கற ரேடியோ கரகரன்னு இரைய ஆரம்பிச்சா எப்படி இருந்துச்சுன்னு கேட்டா ராத்திரி பூரா சொல்லுவான். அந்தப் பனிமூட்டமே தூரத்துல இருக்கற தெருவையும் கட்டடத்தையும் அந்த மெஷினால வரைய முடியாததை மறைக்கப் போட்டதுதான், அதையே பயமா மாத்தினாங்க பாருங்க, அதுதான் வேலை.

டைரக்டர் கிறிஸ்டோஃப் கேன்ஸ் இதை நல்லா உள்வாங்கினவரு. கேமை வெளியிட்ட கொனாமி கம்பெனிகிட்ட ரைட்ஸ் வாங்க வருஷக்கணக்கா பின்னாடி நடந்து, கடைசியில இந்த கேம் தனக்கு எவ்வளவு முக்கியம்னு தானே பேசி ஒரு வீடியோ எடுத்து ஜப்பானுக்கு அனுப்பின மனுஷன். அந்த வெறி படத்துல ஒவ்வொரு ஃப்ரேம்லயும் தெரியுது. சந்து சீனை எடுத்துக்குங்க. கேம்ல ஹீரோ ஹாரி மேசன் தன்னோட பொண்ணு பின்னாடியே ஓடுவான், சந்துக்குள்ள போகப் போக கேமரா கோணலா சாயும், வெளிச்சம் போயிடும், தீக்குச்சி கிழிப்பான், கவுந்து கிடக்கற சக்கர நாற்காலியில சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டு இருக்கும், கடைசியில கம்பி வேலியில ஒரு பொணம். படத்துல காணாமப்போன பொண்ணு ஷேரனைத் தேடி அந்த ஊருக்குள்ள வந்த ரோஸ் அதே மாதிரி ஓடறா, சைரன் ஊதுது, கண்ணுக்கு முன்னாடி இருட்டு இறங்குது, லைட்டரைப் பத்த வைக்கறா, கேமரா தலைக்கு மேல ஏறி நிக்குது, வேலியில அந்தப் பொணம், அப்புறம் தோலுக்குள்ள நெருப்பு கனிஞ்சுக்கிட்டு இருக்கற அந்தக் குழந்தைங்க. பின்னாடி போற மியூசிக்கும் பெரும்பாலும் அகிரா யமாவோகா கேமுக்குப் போட்டதேதான். கன்ட்ரோலரைக் கையில பிடிக்காமலே ஆடின மாதிரி இருந்துச்சு எனக்கு, இந்த மாதிரி ஒரு அஞ்சு நிமிஷம் வேற எந்த கேம் படத்துலயும் நான் பாத்ததில்ல.

ரோஸ் ஆஸ்பத்திரி மேப்பைப் பாத்து லெஃப்ட், ரைட்டுன்னு முணுமுணுத்து மனப்பாடம் பண்ணுவா, அதைப் பாத்து சிரிக்கறவங்க இருக்காங்க. ஏன் சிரிக்கணும்? கேம் ஆடின ஒவ்வொருத்தனும் அதைத்தானே பண்ணினான், மேப்பைத் திறந்து பூட்டின கதவு எது, அடைச்ச வழி எதுன்னு பாத்துப் பாத்து மூடி வச்சான். அதுக்கப்புறம் பேஸ்மென்ட்ல அந்த நர்ஸுங்க. டார்ச் வெளிச்சம் பட்டாதான் அசையும், அவ லைட்டை அணைச்சுட்டு மூச்சை அடக்கிட்டு நடுவுல நுழைஞ்சு போவா, ஒண்ணோட கையில இருக்கற கத்தி அவ முகத்துக்கிட்ட வந்து நிக்கும். அதெல்லாம் கம்ப்யூட்டர் பொம்மை இல்ல, நிஜ ஆளுங்க வேஷம் போட்டு உடம்பை வெட்டி வெட்டி அசைச்சது. தலையில முக்கோண இரும்புக் கூடு மாட்டின அரக்கன் பிரமிட் ஹெட்டா நடிச்ச ராபர்ட்டோ கம்பனெல்லாவே டான்ஸ் மாஸ்டர், அந்த நடையில இருக்கற கனம் அங்க இருந்து வந்ததுதான்.

பிரமிட் ஹெட்னு சொன்னதும் கேம் வெறியனுங்க சட்டையைப் பிடிப்பானுங்க. அது 2001ல வந்த ரெண்டாவது கேம்ல ஹீரோ ஜேம்ஸோட குற்ற உணர்ச்சில இருந்து வந்த உருவம், ஜேம்ஸே இல்லாத படத்துல அதுக்கு என்ன வேலைன்னு. ஞாயமான கேள்விதான். ஆனா அதே ரெண்டாவது கேம்ல ஹிஸ்டாரிக்கல் சொசைட்டிங்கற ஊர் மியூசியத்துக்குள்ள போனா சுவத்துல ஒரு ஓவியம் மாட்டியிருக்கும் பாருங்க, தண்டனை குடுத்து முடிச்சுட்டு அவன் நிப்பான், அந்த ஊர்ல முன்னாடி இருந்த கொலைத் தண்டனை நிறைவேத்தறவங்க போட்ட வேஷம்தான் அது. அப்போ ஜேம்ஸுக்கு முன்னாடியே அவன் அந்த ஊருக்குச் சொந்தம். படத்துல அவனுக்கு யாரும் பேரு கூட வைக்கல, இருட்டோட வர்றான், சர்ச் வாசல்ல செய்யறதைச் செஞ்சுட்டு இருட்டோடவே போயிடறான்.

ஆனா எனக்கு இந்தப் படம் இவ்வளவு ஒட்டிக்கிட்டதுக்குக் காரணம் அம்மா. ஹாரிங்கற அப்பாவை ரோஸ்ங்கற அம்மாவா மாத்தினதுக்கு எத்தனை திட்டு! கேம்ல டாலியாதான் வில்லி, பெத்த பொண்ணு அலெஸ்ஸாவை எரிச்சவளே அவதான். படத்துல அந்த வில்லத்தனத்தை கிறிஸ்டபெல்லான்னு அக்கா தங்கச்சி உறவுல இன்னொருத்திகிட்ட குடுத்துட்டு, டாலியாவை ஏமாந்துபோன தாயா தெருவுல பிச்சைக்காரி மாதிரி அலைய விட்டிருக்காங்க. அப்பன் யாருன்னு தெரியாத குழந்தைன்னு ஊரே அலெஸ்ஸாவைத் தூத்துது, ஸ்கூல் டெஸ்க்ல சூனியக்காரின்னு கீறி வைக்கறாங்க, கடைசியில எல்லாரும் சேந்து நெருப்புல போடறாங்க, காப்பாத்த வேண்டிய அம்மா லேட்டா வர்றா. இந்தப் பக்கம் ரோஸ், ஷேரனைப் பெத்தவ இல்ல, தத்தெடுத்தவ, ஆனா நரகத்துக்குள்ள போய்க் கூட்டிட்டு வர்றா. கடைசியில பழி வாங்க வந்து சர்ச்சுல அத்தனை பேரையும் கொன்ன அலெஸ்ஸா டாலியாவை மட்டும் ஏன் விட்டுட்டான்னு டாலியாவே கேப்பா, நீ அவளுக்கு அம்மாங்கறதாலன்னு ரோஸ் சொல்லுவா. இது நம்மாளுங்களுக்குப் புரியலன்னு சொன்னா நான் எப்படி நம்பறது?

இன்னொண்ணு, இது எனக்கு மட்டும் உறைக்கற விஷயமா கூட இருக்கலாம். எங்கம்மா பொறந்து வளந்தது கே.ஜி.எஃப்ல, அதான் கோலார் தங்க வயல்ல, சாம்பியன் ரீஃப் பக்கம் லைன் வீட்டுல. படத்து ஊருக்கு மாதிரியா எடுத்துக்கிட்டது பென்சில்வேனியால இருக்கற சென்ட்ரேலியா, 1962ல நிலக்கரிச் சுரங்கத்துல பிடிச்ச தீ அடங்கவே இல்லாம ஜனம் காலி பண்ணிட்டுப் போன ஊரு. எங்க ஊர்ல தீ இல்ல, 2001ல சுரங்கத்தை மூடினாங்க, அவ்வளவுதான். காத்தடிச்சா தங்கம் பிரிச்சு எடுத்த மிச்ச மண்ணு குவிஞ்ச சயனைடு மேட்டுல இருந்து வெள்ளையா தூசி கிளம்பி துணி காயப்போட்ட கொடி, கூரை எல்லாத்து மேலயும் படியும், படத்துல நாள் பூரா சாம்பல் கொட்டிக்கிட்டே இருக்கறதைப் பாத்தப்போ எனக்கு அதுதான் வந்துச்சு. ஷிப்டுக்கு ஊதற சங்கு நேரமில்லாத நேரத்துல ஊதினா பொம்பளைங்க அடுப்பை அப்படியே விட்டுட்டு சுரங்க ஷாஃப்டுக்கு ஓடுவாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. அதனால படத்துல சைரன் ஊதின உடனே ஊரே சர்ச்சுக்கு ஓடுதே, அது எனக்கு சினிமா மாதிரியே தெரியல.

ரோஸோட புருஷனா ஷான் பீன் வர்ற பகுதி தேவையில்லங்கறீங்களா, சரி, அது ஸ்டூடியோ ஆம்பளை கேரக்டர் கேட்டு சேத்தது, கொஞ்சம் இழுவைதான். ஆனா அதே ஸ்கூல்ல அவனும் ரோஸும் பக்கத்துல பக்கத்துல கடந்து போறாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாது, அவளோட சென்ட் வாசனை மட்டும் அவனுக்கு அடிக்கும். அந்த ஒரு ஷாட்டுக்காக மீதியைப் பொறுத்துக்கலாம். கடைசியில பழைய ஃபிலிம் மாதிரி ஓட்டி அலெஸ்ஸா கதையை வாய்விட்டுச் சொல்றதும் கொஞ்சம் நீளம்தான், கதை புரியலன்னு அழறவங்களுக்காகத்தான் அதை வச்சாங்க, அவங்களே அதையும் திட்டறாங்க.

நடிப்பு பத்தி பேசறவங்க ரோஸா நடிச்ச ராதா மிட்செல் புகை படிஞ்ச காரிடார்ல, அழுக்கோட படத்தைத் தனியா சுமக்கற அந்த முதல் ஒரு மணி நேரத்தைத் திரும்பப் பாருங்க, ஹெட்ஃபோன் போட்டு, லைட்டை அணைச்சுட்டு. முடிஞ்சா முதல் கேமோட சந்து பகுதியை ஆடிட்டு உடனே படத்தைப் போடுங்க. அப்பவும் பிடிக்கலன்னா பேசலாம், நான் ரெடி. ஆனா 2012ல ரெண்டாவது பாகமா வந்த ரெவலேஷனை மட்டும் நடுவுல இழுக்காதீங்க. அதை எடுத்தது கேன்ஸ் இல்ல, அதுல இருக்கற தப்புக்கெல்லாம் முதல் படத்தை நிக்க வச்சு கேள்வி கேக்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.