காருக்கு ஃபைபர் ஸ்பீக்கர் பெட்டி: ரெசின் கடையில் கேட்க வேண்டிய கேள்வி

ரெசின் (கண்ணாடி இழையில் ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின்) வாங்கப் போகும்போது, "இது கோபால்ட் கலந்ததா, கலக்காததா?" என்று கேளுங்கள். கோபால்ட் என்பது ரெசின் இறுகத் தூண்டிவிடும் கரைசல். நேரான பதில் வராத கடையில் காசைக் கொடுக்காதீர்கள். கார் டிக்கியில் சப்வூஃபருக்கு, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, ஃபைபர் பெட்டி செய்ய இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் எச்சரிக்கை இதுதான். மற்ற வேலையெல்லாம் செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். இது தெரியாமல் விற்கிறவரிடம் மாட்டினால் பொருளும் போகும், கண்ணும் போகலாம்.

என்னுடையது ஸ்விஃப்ட். சதுரப் பலகைப் பெட்டியை வைத்தால் ஊருக்குப் போகும்போது ஒரு பை வைக்கவும் இடமிருக்காது. டிக்கியின் பக்கவாட்டில், சக்கர வளைவை ஒட்டிய குழியின் வடிவத்திலேயே பெட்டியை வார்த்துவிட்டால் 10 அங்குல சப்வூஃபர் ஒன்று அங்கே உட்கார்ந்துவிடும். வளைவு நெளிவுக்கெல்லாம் பலகை வளையாது, ஃபைபர் வளையும்.

மோல்டு வேலையில் சிக்கல் எதுவும் இல்லை. குழி முழுவதும் அகலமான மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் மெழுகு. டேப் மட்டும் ஒட்டினால் ரெசின் ஊறிக் கீழே இறங்கிவிடும். தாள் அவசியம். பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்தத் தாள்தான் என் காரைக் காப்பாற்றியது.

ரெசின், 450 ஜிஎஸ்எம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு), ரெசினைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்ட் மூன்றையும் சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். கடலூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர் கார் ஓட்டிப் போயிருந்தேன். "இதற்குமேல் ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டுத்தான் பணம் கட்டினேன். "கேட்டலிஸ்ட் போதும் சார், அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும்" என்றார் கல்லாவில் இருந்தவர்.

ஆகவில்லை. மறுநாள் காலையில் தொட்டபோதும் விரலில் பாகு போல ஒட்டியது. மே மாத வெயிலில் நின்ற கார் அது. மேட் முழுவதும் நனைந்தபடியே கிடந்தது, வண்டிக்குள் உட்கார முடியாத அளவுக்கு ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் ரசாயனத்தின் நெடி. தொலைபேசியில் கேட்டால், "கேட்டலிஸ்ட்டைக் கூட்டி ஊற்றிப் பாருங்கள்" என்றார்கள். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை என்பதுதான் பொதுவான அளவு. கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிற பொருள் அல்ல அது.

நல்ல வேளையாக எங்கள் ஊரில் துறைமுகப் பக்கம் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரம் இருந்த இடங்களையெல்லாம் இந்தப் படகுகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. ரெசினும் மேட்டும் அவர்களுக்கு அன்றாடப் புழக்கம். என் டின்னைத் தூக்கிக்கொண்டு ஒரு கொட்டகைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் மூடியைத் திறந்து பார்த்தவுடனேயே, "தம்பி, இதில் கோபால்ட் இல்லை. கலந்திருந்தால் நிறம் கொஞ்சம் சிவந்திருக்கும்" என்றார். ஒரு கோப்பையில் ரெசினை எடுத்து, கோபால்ட்டைச் சொட்டி, நன்றாகக் கலக்கி, அதன்பிறகு கேட்டலிஸ்ட்டை விட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே கோப்பை சூடேறி உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. அந்தச் சூட்டைக் கையில் உணர்ந்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

கேட்டலிஸ்ட் என்று விற்பது எம்இகேபி என்னும் பெராக்சைடு. சாதாரண வெப்பநிலையில் அதைத் தூண்டிவிடக் கோபால்ட் கரைசல் வேண்டும். சில ரெசின்களில் தயாரிப்பாளரே அதைக் கலந்துவிடுவார், சிலவற்றில் நாம்தான் கலக்க வேண்டும். அண்ணன் அத்தோடு விடவில்லை. "ரெசினில் முதலில் கோபால்ட். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டும் நேருக்கு நேர் சேரவே கூடாது. இரண்டையும் அளக்க ஒரே குப்பியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது, தீப்பிடித்து வெடித்துவிடும்" என்று இரண்டு முறை சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

அந்த ரெசினுக்குப் பொருத்தமான கோபால்ட்டை, ரெசினை விற்ற கடையே தருவதுதான் முறை என்பதால் மறுபடியும் சென்னைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் இரண்டு குளிர்பானப் பாட்டில்களை எடுத்து ஒரே பையில் போட்டார். ஒன்றில் ஊதா நிறத்தில் கோபால்ட். இன்னொன்றில் தண்ணீரைப் போலவே தெளிந்த கேட்டலிஸ்ட். இரண்டிலும் பெயர் இல்லை, தேதி இல்லை. அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம்" என்றார்.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வெடிக்கும் என்று சொன்னேன். "இத்தனை வருடமாக விற்கிறோம், யாருக்கும் எதுவும் ஆனதில்லை" என்றார். அந்த அண்ணனை நான் பார்க்காமல் போயிருந்தால்? எனக்குப் பின்னால் கல்லூரிப் பையன் ஒருவன் ரெசின் வாங்க நின்றிருந்தான். அவனை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பாட்டில்களை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். கோபால்ட், கேட்டலிஸ்ட், புது ரெசின் மூன்றும், தயாரித்த தேதியோடு லேபிள் ஒட்டிய டப்பாக்களில், கடலூரிலேயே படகுக்காரர்கள் வாங்கும் இடத்தில் கிடைத்தன. கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள். தேதியைப் பார்த்து வாங்குங்கள். ரெசின் மாதக்கணக்கில்தான் தாங்கும், வெயிலில் கிடந்தால் டின்னுக்குள்ளேயே கெட்டிப்படும்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அதன் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். துணி முகமூடியும் என்95 முகமூடியும் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கென்று கேட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இந்தப் பாட்டில்களைப் பூட்டி வையுங்கள். கோபால்ட் ஒரு பக்கம், கேட்டலிஸ்ட் இன்னொரு பக்கம்.

நனைந்து கிடந்த பழைய மேட்டைப் பட்டித் தகட்டால் வழித்தெடுத்தேன். அலுமினியத் தாளோடு எல்லாம் உரிந்து வந்தது. கார்ப்பெட்டில் ஒரு துளி இல்லை. அதன்பிறகு வேலை ஓடியது. காருக்குள் இரண்டு அடுக்கு மட்டும் போட்டுக் கெட்டியானதும் வெளியே எடுத்து, மீதி அடுக்குகளைக் காற்றோட்டமான இடத்தில் போடுங்கள், வண்டியில் நெடி தங்காது. 450 ஜிஎஸ்எம் மேட் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். சப்வூஃபர் பெட்டிக்கு 6 மில்லிமீட்டராவது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வளைந்துவிடும், இரண்டிரண்டாகப் போடுங்கள். வெயில் காலத்தில் கேட்டலிஸ்ட்டை 1 சதவீதத்தில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் பிரஷ் கையில் இருக்கும்போதே கெட்டியாகாது. இந்த மேட்டுக்கு எபாக்சி என்னும் வேறு வகை ரெசினை வாங்கச் சொல்கிறவர்களையும் பார்த்தேன். மேட்டின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, நான் பயன்படுத்தியது போன்ற பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் பெரும்பாலும் கரையாமல் விறைத்து நிற்கும்.

முன்பக்கத்துக்கு 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் வளையம். தச்சுப் பட்டறையில் வெட்டித் தந்துவிட்டார்கள். வளையத்துக்கும் பெட்டிக்கும் இடையே இழுத்துக் கட்டத் திருப்பூர் கட் பீஸ் ஃபிளீஸ் துணி. ரெசினை நன்றாகக் குடிக்கிறது, சுருக்கமும் விழவில்லை. அது கெட்டியானதும் உள்பக்கமிருந்து மேட் போட்டுக் கனம் ஏற்றினேன். மேலே பட்டி பூசி உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கண்ணாடித் தூசி பறக்காது. அப்படியும் அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

கொள்ளளவை அளக்க, பீன் பேகில் நிரப்பும் தெர்மாகோல் மணிகளை லிட்டர் குவளையால் அளந்து கொட்டினேன். பெட்டி முழுதாகக் காய்ந்த பிறகு மட்டும் இதைச் செய்யுங்கள். காயாத ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அதே காரணத்தால் தெர்மாகோலைச் செதுக்கி நேரடியாக அதன்மேல் ரெசின் பூசுவதும் நடக்காது. என் சப்வூஃபருக்குத் தயாரிப்பாளர் கேட்டிருந்தது 18 லிட்டர். பெட்டியில் பிடித்தது 20. ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் உள்ளே அடைக்கும் இடத்தைக் கழித்தால் கச்சிதமாக வந்துவிட்டது.

ஸ்பீக்கரை முடுக்கியதும் கூம்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எங்கோ காற்று கசிந்தால் கை எதிர்ப்பில்லாமல் உள்ளே போகும், ஓட்டை வழியே சீறும் சத்தமும் கேட்கலாம். என்னுடையதில் வயர் போகும் துளையில் மட்டும் கசிவு இருந்தது. சிலிக்கான் வைத்து அடைத்தேன். இப்போது டிக்கியில் இரண்டு சூட்கேஸ்கள் படுக்கையாகப் போகின்றன. படகுக் கொட்டகை அண்ணனைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பறையும் தவிலும் உள்ள ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். பாதியில் இறங்கி வந்து, பெட்டியைச் சுற்றி விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "எங்கேயும் பொக்கு இல்லை" என்றார்.