இன்ஜின் மவுண்டிங் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

இன்ஜினை வண்டியின் பாடியோடு பிடித்து நிறுத்தும் ரப்பரும் இரும்பும் சேர்ந்த தாங்கிதான் மவுண்டிங். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஏசி போட்டால் டேஷ்போர்டு கடகடவென்று ஆடுகிறது என்று சொன்னாலே பல ஒர்க்‌ஷாப்பில் "மவுண்டிங் போயிடுச்சு, மூணையும் மாத்திடலாம்" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு இன்ஜெக்டர் சரியில்லை என்றாலும், ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாமல் மிஸ் ஆனாலும், ஐடில் ஆர்பிஎம் (வண்டி நிற்கும்போது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கியிருந்தாலும் இதே நடுக்கம் வரும். அதனால் நடுக்கத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள், இன்ஜின் எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்.

இன்ஜின் குறுக்காக இருக்கும் முன்சக்கர டிரைவ் கார்களில் பெரும்பாலும் டைமிங் பக்கம் (டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்) ஒரு மவுண்டிங், கியர்பாக்ஸ் மேல் ஒன்று, கீழே பின்பக்கம் ஒரு டார்க் ராடு. மேலே உள்ள இரண்டும் எடையைத் தாங்கும், டார்க் ராடு இன்ஜின் முன்னும் பின்னும் புரளாமல் பிடித்துக்கொள்ளும். கிளட்சை விட்டு வண்டி நகரும் நொடியில் 'டொக்' என்று ஒரு அடி, ரிவர்ஸ் போட்டாலும் அதே அடி என்றால் என் முதல் சந்தேகம் டார்க் ராடு மேல்தான். மூன்றில் கழற்றவும் அதுதான் பெரும்பாலும் சுலபம்.

மேனுவல் கார் என்றால், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக் போட்டு, வலது காலை பிரேக்கிலிருந்து எடுக்காமல் முதல் கியரில் கிளட்சை மெதுவாக இன்ஜின் திணறும் வரை மட்டும் விடச் சொல்லுங்கள், அப்புறம் ரிவர்ஸிலும் அதேபோல. வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது, பக்கவாட்டில் நின்று பாருங்கள், கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. இன்ஜின் லேசாகச் சாய்ந்து திரும்பினால் நல்ல ரப்பர். குதித்து எதிலோ இடித்தால் அந்த மவுண்டிங் முடிந்தது.

பிறகு இன்ஜினை அணைத்து, சூடு தணிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் மேல் மெல்லிய கோடுகள் வயதானால் வருவதுதான், அதற்காக மாற்ற வேண்டாம். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து இடைவெளி தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். டீசல் கார்கள் பலவற்றில் டைமிங் பக்கத்து மவுண்டிங்குக்குள் திரவம் இருக்கும். அது கசிந்து கீழே கறுப்பாக ஈரக்கோடு இறங்கியிருந்தால், ரப்பர் பார்க்க முழுசாக இருந்தாலும் அதற்கு ஆயுள் இல்லை.

இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து ஆயில் மவுண்டிங் மேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறி, உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். கசிவை நிறுத்தாமல் புது மவுண்டிங் போட்டால் அதுவும் அப்படித்தான் போகும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்று முழுசாக அறுந்திருந்தால் அதன் சுமையை மற்றவைதான் தாங்கியிருக்கும், அவற்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொரு சர்வீஸ் வரை ஓட்டிப் பார்ப்போம் என்று அறுந்ததோடு ஓட்டினால் சைலன்ஸர் பைப்பின் வளையும் பகுதி கிழியும், ஹோஸ்களும் இழுபடும்.

மாற்றும்போது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பருக்கு அடியில் நேராக ஜாக்கி வைக்க விடாதீர்கள், இடையில் மரக்கட்டை வேண்டும். போல்ட்டுகளை முதலில் லூசாக மாட்டி, இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்கச் சொல்லுங்கள். ரப்பர் முறுகிய நிலையில் டைட் செய்தால் புது மவுண்டிங்கிலும் அதே நடுக்கம்தான் வரும்.