வந்தேன் ரீச்சர்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலர்க்குழு என்னிடம் கேட்டது பம்பலாக ஒரு கட்டுரை. "உன்ரை பட்டப்பெயர் வந்த கதையை எழுது மச்சான், சனம் சிரிக்கும்" என்றார் செயலாளர். கனடாவில், ஸ்காபரோவில் நமது ஒன்றுகூடல்களுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது. கொத்துரொட்டி வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "டேய் வந்தேன்!" என் மகளின் அரங்கேற்றத்துக்கு வந்த ஒருவர் அன்பளிப்பு உறையிலேயே "திரு. வந்தேன் குடும்பத்தினருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். மனைவிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு ரீச்சர். நமது ஆண்டுக்காரருக்கு யாரென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகவும் பெயரை எழுதப் போவதில்லை. அவரின் அம்மா விரும்பவில்லை.

1996. யுத்தத்தில் யாழ்ப்பாணத்து ஊரை விட்டு இடம்பெயர்ந்து போய்த் தென்மராட்சியில் ஆறு மாதம் மாமர நிழலில் படித்துவிட்டு, சித்திரை, வைகாசியில் ஊர் திரும்பியிருந்தோம். நமக்குக் கிடைத்தது பின் மதிலோடு இருந்த, ஓடு போன கட்டடம். மழை வந்தால் எங்கே ஒதுங்குவோம், அங்கே யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதெல்லாம் இந்த மலரில் வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நான் பத்தாம் வகுப்பு.

ரீச்சருக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கும். தொண்டர் ஆசிரியை. பல்கலைக்கழகம் போக ஒன்றிரண்டு புள்ளி காணாமல் போனதால், நியமனமும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் நமக்குத் தமிழ் படிப்பித்தார். லுமாலா லேடீஸ் சைக்கிளில் வருவார். வேப்பமரத்தடியில் அதை ஸ்ராண்டில் விட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். பெடியள் மதிலோடு சைக்கிளைச் சாத்தினால் பிடிக்காது. "ஸ்ராண்ட் என்னத்துக்குப் பூட்டியிருக்கு?" என்று கேட்பார். அடிக்க மாட்டார். அடித்திருந்தால் நல்லது என்று நினைக்கும்படி பேசுவார்.

இடாப்புக் கூப்பிடுவதற்குத்தான் அவரிடம் அதிக நேரம் போகும். இடாப்பில் இருந்த பெயர்களில் பாதிக்கு ஆளில்லை. சிலர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குப் போய்விட்டார்கள். சிலர் கொழும்பில். சிலர் எங்கே என்றே தெரியாது. வேறு வகுப்புகளில் அந்தப் பெயர்களை வெட்டிவிட்டார்கள். ரீச்சர் வெட்டவில்லை. ஒவ்வொரு காலையும் எல்லாப் பெயரையும் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் நிமிர்ந்து பார்ப்பார். "ஆருக்கும் தெரியுமோ?" யாராவது சொன்னால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதுவார்: கிளிநொச்சி. மடு. வவுனியா முகாம். ஒருமுறை, சுவிஸ்.

எனக்குப் பக்கத்து மேசைக்காரன் வன்னிக்குப் போயிருந்தான். ஒரு திங்கட்கிழமை அவன் பெயரைக் கூப்பிட்டபோது, எனக்கு என்ன பிடித்ததோ, குரலை மாற்றி "வந்தேன் ரீச்சர்" என்றேன். வகுப்பு சிரித்தது. ரீச்சரின் முகம் ஒரு கணம் மலர்ந்ததைக் கண்டேன். உண்மையாகவே வந்துவிட்டான் என்று நினைத்து அந்த மேசையைப் பார்த்தார். அதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு நடந்த தண்டனை எனக்குப் பெரிதில்லை.

தண்டனை இதுதான். இடாப்பை மூடி வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பில் இருந்து பதினொன்று வரை ஒவ்வொரு வகுப்பாக என்னைக் கூட்டிப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்ல வேண்டிய வசனம்: "இல்லாத ஒருவனுக்காக நான் வந்தேன் என்று சொன்னேன்." பதினொன்றாம் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அங்கே யார் இருந்தார் என்று என் நண்பர்களுக்குத் தெரியும். அவர் இப்போது மார்க்கம் நகரில் பல் வைத்தியர், நான் வேறிடத்தில் பல் காட்டுகிறேன். திரும்பி வரும்போது விறாந்தையில் ரீச்சர் நின்றார். "வராத பிள்ளையை வந்ததெண்டு எழுதினா, பிறகு ஆரும் தேட மாட்டினம். விளங்குதோ?" என்றார். விளங்கியது என்று தலையாட்டினேன். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

அந்தப் பக்கத்து மேசைக்காரன் இப்போது பாரிஸில் சுகமாக இருக்கிறான். இந்த மலருக்கு அரைப்பக்க விளம்பரமும் தந்திருக்கிறான்.

அந்த ஆடி, ஆவணி எப்படி இருந்ததென்று நமக்குத் தெரியும். ஜூலை 4ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் குண்டு வெடித்தது. 18ஆம் திகதி முல்லைத்தீவு ஆமி முகாம் அடிபட்டது. அதற்குப் பிறகு ஆமியின் சோதனைச் சென்றிகளில் இறங்கி நடந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு வருடத்தில் குடாநாட்டில் காணாமல் போனவர்கள் 600 பேர் அளவில் என்று பிறகு கணக்கெடுத்தார்கள். செப்டெம்பர் 7ஆம் திகதி, ஏ.எல் இரசாயனவியல் சோதனை எழுதிவிட்டுக் கைதடிக்குத் திரும்பிய கிருசாந்தியைச் செம்மணிச் சென்றியில் மறித்தார்கள். பதினெட்டு வயது. மறித்ததைக் கண்டவர்கள் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னார்கள். அவர் ஓர் உப அதிபர். பதினாறு வயது மகனையும் அயலவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு கேட்கப் போனார். மூன்று பேரும் திரும்பவில்லை.

ரீச்சர் காணாமல் போனது அதே செப்டெம்பர் கடைசிக் கிழமையில்.

அன்று பள்ளி விட்டு, நான் மேலதிக வகுப்புக்கு நிற்காமல் கள்ளமாக வெளிக்கிட்டேன். இரண்டு கால் இருக்கும். சந்திச் சென்றியில் எல்லாரையும் போல இறங்கிச் சைக்கிளை உருட்டினேன். மண்மூடைக்கு எதிர்ப்பக்கத்தில், கிளுவை வேலியோடு அந்த லுமாலா. கரியரில் எங்கள் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகள். பிரவுண் பேப்பர் உறை போட்டு, பழைய ரியூப்பை வெட்டிய வாரால் கட்டியிருந்தது. ரீச்சரைக் காணவில்லை. ஒரு ஆமிக்காரன் குந்தியிருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையை விசுக்கினான், போ என்று. போனேன்.

பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவுவதை நிறுத்தவில்லை. "நீ ஒண்டும் காணேல்லை" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "கைதடியில கேக்கப் போன மூண்டு பேரும் எங்கை?" என்றா. அந்த நேரத்தில் வேறெந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் மூன்றாம் பாடத்தில் ரீச்சரின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தார். "பிள்ளையள், நேற்றுப் பள்ளி விட்டுப் போகேக்கை ரீச்சரை ஆராவது கண்டனீங்களோ?"

யாரும் பேசவில்லை. நான் மேசையைப் பார்த்தேன். கவராயத்தால் யாரோ கீறிய ஓர் இதயம், அதற்குள் இரண்டு எழுத்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொப்பிகள் திரும்பி வரவில்லை. புதிதாக வந்த சேர், ஆளுக்கொரு கொப்பி வாங்கச் சொன்னார். கடைசியாக ரீச்சர் தந்த தலைப்பு "இருபது ஆண்டுகளின் பின் நான்". வெளிநாட்டுக்குப் போகமாட்டேன், இதே பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியராக இருப்பேன் என்று இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். நல்ல பிள்ளைப் பட்டம் வாங்க எழுதியதுதான், ஆனாலும் எழுதும்போது கொஞ்சம் நம்பியும் இருந்தேன். ஆறு மாதத்தில் வெளியே போக ஆமியின் கிளியறன்ஸ் கிடைத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலை, கொழும்பு, வெள்ளவத்தை லொட்ஜ், ஏஜென்சி, கனடா. எல்லாருக்கும் நடந்த கதைதான். இப்போது நான் வேலை செய்யும் பண்டகசாலையில் ஆட்கள் அட்டையைத் தட்டித்தான் உள்ளே போவார்கள். வராவிட்டால் கணினி ஐந்து நிமிடத்தில் எனக்குச் சொல்லிவிடும்.

கிருசாந்தியின் வழக்கு நீதிமன்றம் வரை போனது. நான்கு உடல்களும் எடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பில் மரண தண்டனை விதித்தபோது, தண்டனை பெற்றவர்களில் ஒருவரான ஆமிக்காரர் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். 1999இல் கிண்டி 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள், அதோடு நின்றது. ரொறன்ரோவில் தமிழ்ப் பேப்பரில் அதை வாசித்தபோது எனக்கு ஓடியது ஒன்றுதான்: அந்தப் பிள்ளையை மறித்ததைக் கண்டவர்கள் சொன்னார்கள். சொன்னதால் மேலும் மூன்று உயிர் போனது, சொன்னதால்தான் வழக்கும் வந்தது. இந்தக் கணக்கை எத்தனையோ இரவுப் பணியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் சரிவரவில்லை.

2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டக் கிண்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிவந்தன. செப்டெம்பர் முற்பகுதிக்குள் ஏறக்குறைய 240. நீல நிறப் புத்தகப் பை ஒன்றின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதி, எடுத்த பொருள்களை அடையாளம் காண்பதற்காகச் சனத்துக்குக் காட்டினார்கள். அந்த நேரம் நல்லூர்த் திருவிழாவுக்காக நான் ஊரில் நின்றேன். அங்கே போகத் துணிவு வரவில்லை. நாலு நாள் கழித்து, ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ரீச்சரின் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் ஒன்று சத்திரசிகிச்சை செய்தது. மருமகளின் மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய்க் காட்டினானாம். "செருப்பெல்லாம் பாத்தனான் தம்பி. அவளின்ரை இல்லை" என்றார். நல்ல செய்தி சொல்வது போலவும் இல்லை, கெட்ட செய்தி சொல்வது போலவும் இல்லை. செஞ்சிலுவைக்காரர், மனித உரிமை ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம் எல்லா இடமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மரணச் சான்றிதழ் வேண்டாமென்றால், ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் தரலாம் என்றார்களாம். "அதை நானே எழுதித் தருவனே" என்றார்.

தேத்தண்ணி வந்தது. அது ஆறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னேன். இரண்டு கால் மணி, சந்திச் சென்றி, சைக்கிள், கொப்பிக் கட்டு. மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றை விமானத்திலேயே பாடமாக்கி வைத்திருந்தேன். அதற்கு இடமே வரவில்லை.

"தெரியும் தம்பி" என்றார். "நீர் அஞ்சாவது ஆள்."

எழும்பிப் போய் ஒரு சி.ஆர் கொப்பி எடுத்துவந்தார். நம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் இருந்து ஒருத்தி. நோர்வேயில் இருந்து இரண்டு பேர். உரும்பிராயிலேயே இருக்கிற ஒருவன், இருபது வருடம் கழித்து. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கண்டது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள். யார், எத்தனை மணி, எந்தப் பக்கத்தால் வந்தது, மழையா வெயிலா, எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன், சொந்தப் பெயரை.

பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "சைக்கிள் ஸ்ராண்டில நிண்டதோ, வேலியில சாத்தியிருந்ததோ?"

வேலியில் என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லும். லண்டன் பிள்ளை ஸ்ராண்டில எண்டு சொன்னது. மற்ற மூண்டு பேருக்கு ஞாபகம் இல்லை. அவள் ஒருநாளும் சாத்தமாட்டாள். ஸ்ராண்டில நிண்டா, அவளா இறங்கித்தான் விட்டிருக்கிறாள். சாத்தியிருந்தா வேறை ஆரோ."

இருபத்தொன்பது வருடமாக அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்தத் திண்ணையில் இருந்து கண்ணை மூடிப் பார்த்தேன். கரியர் தெரிந்தது, பிரவுண் பேப்பர் தெரிந்தது, ரியூப் வார் தெரிந்தது. கீழே பார்க்கப் பார்க்க, ஒருமுறை ஸ்ராண்ட் தெரிந்தது, ஒருமுறை தெரியவில்லை. அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார்.

மலர்க்குழு அனுப்பிய தொண்ணூறுகளின் ஆசிரியர் பட்டியலில் ரீச்சரின் பெயர் இல்லை. சம்பள இடாப்பைப் பார்த்துத் தயாரித்ததாம், தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், செய்வார்கள்.

நான் எழுத வந்தது வேறு. அந்தச் செப்டெம்பர் கடைசிக் கிழமை, பள்ளி விட்டு இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையில் சந்திச் சென்றியால் போன நம் ஆண்டுக்காரர் இன்னும் இருக்கிறீர்கள். எனக்கு எழுத வேண்டாம். வீடு தெரியும்தானே, அதே ஒழுங்கை, அதே படலை. ஊருக்குப் போகும்போது ஒருக்கால் போய், அந்தச் சைக்கிள் ஸ்ராண்டில் நின்றதா, வேலியில் சாத்தியிருந்ததா என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.