வைக்கோல் நின்ற பிறகு

கட்டட வேலையில் இருக்கும் விசுவாசிகள் வேதத்தில் யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை சைட்டில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அதில் இருப்பது முழுக்க சைட் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை செங்கல், பொருள் யார் தருவது, எண்ணிக்கை குறைந்தால் யார் முதுகில் அடி விழும். எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த இஸ்ரவேலரைப் போகவிடு என்று, மோசேயும் ஆரோனும் கர்த்தர் சொன்னதைத்தான் அரண்மனையில் போய்ச் சொன்னார்கள். அன்றைக்கே எகிப்தின் ராஜா பார்வோன் வைக்கோலை நிறுத்தினான்; செங்கல் கணக்கில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

சுடாமல் வெயிலில் காயவைக்கும் பச்சைச் செங்கலில் வைக்கோலுக்கு என்ன வேலை என்று தெரிந்தால்தான் இதன் கொடுமை புரியும். வண்டல் மண் காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். நறுக்கிப் போட்ட வைக்கோல் மண்ணை இழுத்துப் பிடிக்கும். ஈரம் சீராக வெளியேறவும் உதவும். அதை நிறுத்திவிட்டால் ஆட்கள் அறுத்த வயல்களில் தாளடி பொறுக்க அலைய வேண்டும், அந்த நேரமெல்லாம் செங்கல் அறுக்கும் நேரத்தில்தான் கழியும். இரண்டாம் ராம்சேஸ் காலத்துத் தோல் சுருள் ஒன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 40 பேருக்குத் தலைக்கு 2,000 செங்கல் என்று அதில் இலக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எகிப்து அதிகாரிகள் கணக்கில் விட்டுக்கொடுக்கிற ஆட்கள் அல்ல.

அடி வாங்கியது யார் என்பதையும் பார்க்க வேண்டும். பார்வோனின் ஆளோட்டிகள் அல்ல, அவர்களுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்ற இஸ்ரவேல் தலைவர்கள். இன்றைய சைட்டில் அந்த இடத்தில் நிற்பவர் சூப்பர்வைசர்.

ஆயிரம் சதுர அடி, 5 அங்குல கனத்தில் தளம் போட ஏறத்தாழ 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எம்20 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் 95 மூட்டை வரும். "75-ல முடிச்சிடு, 95-னு எழுதிக்கோ" என்பதுதான் சூப்பர்வைசருக்கு வருகிற வழக்கமான சோதனை. கான்கிரீட் கட்டியை அழுத்திப் பலம் பார்க்கும் கியூப் டெஸ்டில் மாட்டாதா என்றால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 15 செ.மீ. அச்சுகளுக்கு மட்டும் சிமெண்டைக் கூட்டிப் போட்டுத் தனியாகக் கலந்து, 28 நாள் தொட்டித் தண்ணீரில் கிடத்துவார்கள். ரிப்போர்ட்டில் குறையே இருக்காது. அந்த ரிப்போர்ட்டுக்கும் மேலே கிடக்கிற தளத்துக்கும் சம்பந்தமும் இருக்காது. பீமில் 6 அங்குலத்துக்கு ஒரு ரிங், அதாவது கம்பி வளையம், என்று வரைபடத்தில் இருக்கும். 9 அங்குலத்தில் கட்டிக் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டால் பிறகு உடைத்தா பார்க்கப்போகிறார்கள்? இத்தனைக்கும் கடைசியில் ஒரு கையெழுத்து வேண்டும்.

அதைப் போட மறுப்பது கீழ்ப்படிதல். ஆனால் மறுக்கிற விதத்தில் பலர் சறுக்குகிறார்கள். கலவை மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு, கொத்தனார்கள் முன்னால் நின்று வசனம் சொன்னால் அது சாட்சியாக இருக்காது, சண்டையாகத்தான் முடியும். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும்போதே இன்ஜினியரைத் தனியாகப் பார்த்து, "எண்ணின மூட்டையைத்தான் சார் எழுதுவேன், வேற எந்த வேலை சொன்னாலும் செய்றேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும். தளம் போட்ட அன்று சாயங்காலம் காலிச் சாக்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணி, தேதியோடு சைட் டைரியிலும் சொந்த நோட்டிலும் எழுத வேண்டும். வாய்க்கணக்கு பின்னால் உதவாது.

உடனே வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். முதலில் ஸ்டோர் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அடுத்தது, இரண்டு பஸ் மாறிப் போகிற சைட். பிறகு பேட்டா நிற்கும். "பில் பாஸ் ஆகட்டும்" என்று சம்பளம் தள்ளிப்போகும். பெரும்பாலும் ஆள் உடைவது இரண்டாம் மாதத்தில்தான். முதல் மாதத்தைக் கையிருப்பும் சபையார் தட்டிக்கொடுத்ததும் சேர்ந்து ஓட்டிவிடும். இரண்டாம் மாதம் பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் சேர்ந்து வரும்போது, "எல்லாரும் செய்யறதுதானே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று வீட்டிலேயே கேள்வி வரும். இஸ்ரவேல் தலைவர்களும், வந்த கஷ்டத்துக்கு மோசேயைத்தான் குற்றம் சொன்னார்கள்.

மோசே அவர்களோடு வாதாடவில்லை. கர்த்தரிடம் திரும்பிப்போய், ஏன் என்னை அனுப்பினீர், நான் பேசப்போன நாள்முதல் இந்த ஜனத்துக்குத் தீங்குதானே வந்தது என்று முறையிட்டான். அந்த முறையீட்டுக்காகக் கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக அங்கே எழுதியில்லை. ஜனத்தை விடுவிப்பேன் என்ற வாக்குத்தத்தத்தைத் திரும்பச் சொன்னார். ஆனால் வைக்கோலை மறுபடி கொடுத்ததாக ஒரு வசனமும் இல்லை. கஷ்டம் வந்ததும் "கர்த்தருடைய சித்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ" என்று குழம்புகிறவர்கள் அந்த இடத்தில் நின்று வாசிக்க வேண்டும். அனுப்பியவர் அவர்தான், வைக்கோல் நின்றதும் உண்மைதான்.

அடுத்த அதிகாரத்தில் மோசே வாக்குத்தத்தத்தைச் சொன்னபோது ஜனங்கள் கேட்கவில்லை. மனமடிவும் கொடிய வேலையும் காரணம் என்று வேதமே சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெபிக்கப் போகிற சபையார் ஒரு சிப்பம் அரிசியோடு போவது நல்லது. அந்த அரிசியை வாங்கிக்கொள்ள மறுக்கிற விசுவாசிகளும் இருக்கிறார்கள். விசுவாசம் என்று அவர்கள் சொல்வதில் பாதி ரோஷம்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லெவல் தப்பாக அடித்ததற்கும் தாமதமாக வந்ததற்கும் சம்பளம் பிடித்தால் அது உபத்திரவம் ஆகாது. கையெழுத்து மறுத்ததற்கு முன்னும் பின்னும் வேலை ஒரே தரத்தில் இருந்தால்தான் காரணம் எது என்று சொல்ல முடியும்.

பண விஷயத்தில், மறுத்த அன்று இரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கடன்காரர் வாயால் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் வாடகை, மளிகை, பள்ளி. சீட்டுக் கம்பெனியிடம் தவணைக்கு அவகாசம் கேட்பது அதற்குப் பிறகு. நகையை வைத்தே ஆகவேண்டும் என்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைக்கலாம். கந்துவட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வருமானமே இல்லாத மாதத்தில் தசமபாகம் எவ்வளவு என்று கலங்குகிறவர்கள் உண்டு. பூஜ்யத்தில் பத்தில் ஒன்று பூஜ்யம்தான். அதற்காகக் கடன் வாங்கச் சொல்கிற ஊழியரிடம் கவனமாக இருப்பது நல்லது.

கீழ்ப்படிந்தவனையே கஷ்டம் தொட்டது எலியா தீர்க்கதரிசிக்கும் நடந்தது. மழை பெய்யாது என்று அவன் கர்த்தர் பேரில் சொன்னான். அந்த மழை இல்லாததால் அவன் குடித்த கேரீத் ஆறே வற்றியது. அதன்பிறகு அவனைப் போஷித்த சாறிபாத் விதவையின் வீட்டில் மாப்பானை நிரம்பி வழிந்ததாகவும் எழுதியில்லை. மாவு தீரவில்லை, அவ்வளவுதான். மாத பட்ஜெட் போட்டுப் பழகியவர்களுக்கு அது மிகக் கடினமான ஏற்பாடு. ஒவ்வொரு நாளும் பானைக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

பாக்கிச் சம்பளத்தைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லாத தியாகம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியிருக்கிறார். வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தர வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. வருகைப் பதிவின் நகல், சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பக்கங்கள், சைட் டைரியின் போட்டோ ஆகியவற்றைச் சேர்த்து முதலில் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பலாம். பதில் வராவிட்டால் அதே கட்டோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மனுவில் கிடைக்க வேண்டிய தொகையை மட்டும் எழுதினால் போதும். சிமெண்ட் மூட்டைப் புகாரை அதில் சேர்த்தால், சம்பளத்துக்காகப் பழி போடுகிறான் என்று இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.