மல்லிகைப் பாத்தியும் பக்கத்து வீட்டு நாலு பூனையும் – மூணு மாசமா செஞ்சு பார்த்தது

எங்க ஊரு தங்கச்சிமடம். இங்க மல்லிகை நாத்து போடுறது பல குடும்பத்துக்குப் பொழைப்பு, இங்க இருந்துதான் வெளியூருக்கெல்லாம் நாத்து போகுது. எனக்கு அது பொழைப்பு இல்ல, வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் ஆசைக்குச் செய்யிறதுதான், ஆனா ஆசைன்னாலும் மனசு பூரா அதுலதான் கிடக்கும். ஆவணியில வீட்டுக்குப் பின்னாடி மூணு பாத்தி கட்டி 200 குச்சி ஊனுனேன். ஒரு சாண் நீளத்துக்கு நாலு கணு இருக்கிற மாதிரி வெட்டி ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும், வேர் நல்லாப் பிடிக்க மூணு மாசம் கிட்ட ஆகும், அதுவரைக்கும் குச்சி அசையவே கூடாது, அசைஞ்சா சன்ன வேர் அத்துரும், மேல இலை ரெண்டு நாளைக்குப் பச்சையா நின்னுட்டு அப்புறம் கருகிரும்.

எட்டாவது நாள் காலையில போய்ப் பார்க்கிறேன், நடுப் பாத்தியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, பக்கத்துல மண்ணைக் குமிச்சு அழகா மூடி வச்சிருக்கு, சுத்தி ஏழு குச்சி சாஞ்சு கிடக்கு, பச்சை ஈ மொய்க்குது, பூனை வெளிக்கி இருந்து மூடிட்டுப் போயிருக்கு. மறுநாள் இன்னொரு இடம். பத்து நாள்ல 60 குச்சிக்கு மேல போச்சு. பூனை எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவோடது, மொத்தம் நாலு, மூணு பெட்டை ஒரு கடுவன்.

கோவத்தை விட பயந்தான் அதிகமா இருந்துச்சு, ஏன்னா என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்து வீட்டுல இருக்கா, பாத்திக்குத் தண்ணி ஊத்துறது, களை பிடுங்குறதுன்னு சும்மா இருக்க மாட்டா. செக்கப்புக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்ட கேட்டோம். பூனைப் பீயில டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கலாம், எல்லாப் பூனைகிட்டயும் எப்பவும் இருக்காது, ஆனா கர்ப்பமா இருக்கும்போது முதல் தடவையா அது தொத்துனா வயித்துல இருக்கிற பிள்ளையைப் பாதிக்கலாம், அதனால அந்த மண்ணுல கை வைக்க வேணாம்னு சொன்னாங்க. இன்னொரு விஷயமும் சொன்னாங்க, அதுதான் பின்னாடி ரொம்ப உதவுச்சு: பூனை வெளிக்கி இருந்த உடனே அந்தக் கிருமி தொத்தாது, தொத்துற நிலைக்கு வர ஒரு நாள்ல இருந்து அஞ்சு நாள் வரை ஆகும், அதுக்குள்ள தினமும் அள்ளிட்டா ஆபத்து நல்லாக் குறையும். அள்ளாம விட்டா ஈர மண்ணுல மாசக் கணக்குல கிடக்குமாம். அன்னைக்கே தங்கச்சியைப் பாத்திப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன், நானும் கையுறை இல்லாம மண்ணைத் தொடுறதில்ல.

மொதல்ல ஆளாளுக்குச் சொன்னதைச் செஞ்சு பார்த்தேன். எலுமிச்சைத் தோல் போட்டா ஒரு நாள் வரல, கச்சான் காத்துல தோல் காஞ்சு வாசம் போனதும் திரும்ப வந்துருச்சு. மிளகாப் பொடி தூவச் சொன்னாங்க, காலை நக்கும்போது வாயும் கண்ணும் எரிஞ்சு வாயில்லாச் சீவன் என்ன பாடுபடும், நான் செய்யல. அந்து உருண்டையும் பினாயிலும் வாங்கவே கடை வரைக்கும் போய்ட்டேன், நல்லவேளை மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர்கிட்ட கேட்டேன், அந்து உருண்டை பூனைக்கு விஷம், பினாயில் மாதிரி சாமானைப் பூனையோட ஈரலால சமாளிக்க முடியாது, மிதிச்ச காலை நக்குனாலே போதும், உசிருக்கே ஆபத்துன்னு சொன்னார். அதோட விட்டுட்டேன்.

அடுத்து செஞ்சதுதான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. வீட்டுல கிடந்த பழைய நரம்பு வலையை, அதான் நைலான் இழையில பின்னுன மீன் வலையை, பாத்தி மேல சும்மா பரப்பி விட்டேன். ரெண்டாம் நாள் ராத்திரி குட்டிப் பூனை கத்துற சத்தம், டார்ச் அடிச்சுப் பார்த்தா பின்னங்கால்ல வலை மூணு சுத்து சுத்தி இறுக்கியிருக்கு, இழுக்க இழுக்க இறுகுது. அக்காவும் ஓடி வந்தாங்க. அவங்க குட்டியைத் துணியில பொத்திப் பிடிச்சுக்க, நான் கத்திரிக்கோல வச்சு ஒவ்வொரு நரம்பா வெட்டி எடுத்தேன். கால்ல தோல் மட்டும் உரிஞ்சிருந்துச்சு. தயவு செஞ்சு யாரும் நரம்பு வலையைத் தளர்வா போடாதீங்க.

அன்னைக்கு ராத்திரிதான் ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து நிதானமாப் பேசுனோம். "தம்பி, பூனை இல்லாட்டி எலி வந்து மீன் வலையைக் கடிச்சுப்புடும், கருவாட்டையும் விட்டு வைக்காது, நான் எங்கிட்டுக் கொண்டு போய் விடுவேன் சொல்லு"ன்னாங்க. அது நியாயம்தான. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல வலை எல்லாம் வீட்டுலதான் கிடக்கும், ஒரு வலை போச்சுன்னா அந்தக் குடும்பத்துக்கு எம்புட்டு நட்டம். அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு, அக்கா வீட்டு முத்தத்துக்குப் போன வருசம் சிமெண்டு போட்டாங்க, நெத்திலி காயப் போடத் தோதா இருக்கும்னு. அதுக்கு முன்னாடி அந்தப் பூனை எல்லாம் அங்க மணல்லதான் வெளிக்கி இருந்திருக்கும். இப்ப தோண்டுறதுக்குப் பொலபொலன்னு மண்ணு எங்க இருக்கு, நான் கொத்திச் சலிச்சுப் போட்ட பாத்தியிலதான்.

அதனால அதுங்களுக்குன்னு ஒரு இடம் செஞ்சோம். வேலி ஓரமா, வேப்பமரத்து நிழல்ல, மூணடிக்கு மூணடி, ஒரு முழம் ஆழம் தோண்டி சுத்தி நாலு தென்னந்துண்டு வச்சு, வீட்டு மணலையே கல்லு குச்சி இல்லாம சலிச்சுக் கொட்டுனேன். பாத்தியில அள்ளுன பழைய பீயைக் கொஞ்சம் அதுல போட்டு மேல மண்ணு தூவுனேன், வாடை பிடிச்சுதான் பூனை இடம் தேர்ந்தெடுக்கும். அதே நாள் பாத்தியில மிச்சம் நின்ன குச்சிக்கு நடுவுல தென்னை ஈக்குச்சியை நாலு விரல் இடைவெளியில ஒரு சாண் உயரத்துக்குக் குத்தி வச்சேன், வெறும் மண்ணு தெரியிற இடத்துல தேங்கா மட்டையை நார்ப்பக்கம் மேல வர்ற மாதிரி அடுக்கினேன். காயம் படாது, ஆனா உக்காரவும் தோண்டவும் தோதா இருக்காது, மண்ணுல ஈரமும் நிக்கும். மூணாம் நாள் காலையில கருப்புப் பெட்டை அந்தக் குழிக்குள்ள போய் மோந்து பார்த்து, ரெண்டு தடவை சுத்தி வந்து, முன்னங்காலால தோண்ட ஆரம்பிச்சுச்சு. நான் அடுப்படி ஜன்னல்ல மூச்சு விடாம நின்னு பார்த்தேன். ஒரு வாரத்துல மூணு பெட்டையும் அங்கதான்.

தினமும் காலையில அள்ளுறது முறை வச்சுக்கிட்டோம், ஒரு நாள் நான், ஒரு நாள் அக்கா. எங்க பக்கம் ஊத்துத் தண்ணி ரொம்ப மேலாப்பல இருக்கும், அதனால ஊத்துக்கிட்ட புதைக்கவே கூடாது, நாங்க தள்ளி இருக்கிற ஒடை மரத்தடியில ஒரு முழத்துக்குக் கீழ புதைக்கிறோம். உரக்குழியிலயும் போடுறதில்ல.

ஐப்பசியில வாடைக்காத்தோட மழை பிடிச்சதும் திரும்பச் சிக்கல். குழி மணல் நனைஞ்சு கெட்டியாச்சு, பூனை எல்லாம் காஞ்ச இடம் தேடி எங்க திண்ணைக்கு அடியில வந்துருச்சு. நாலு கம்பு நட்டு மேல ரெண்டு கிடுகு போட்டு, உள்ள இருந்த ஈர மணலை அள்ளிட்டுக் காஞ்ச மணல் மாத்துனதும் சரியாச்சு. பூனைக் குழி போடுறவங்க மழைக்கு முன்னாடியே கூரை போட்டுருங்க.

கடுவன் கதை வேற. அது குழி தோண்டுறதே இல்ல, வாலைத் தூக்கிச் சுவத்துலயும் தொட்டி மேலயும் பீச்சிட்டுப் போகுது, அது எல்லை போடுறது, அதுக்கு ஈக்குச்சியும் கிடையாது மட்டையும் கிடையாது. தண்ணி ஊத்திக் கழுவுனா அப்பைக்கு வாடை போகும், காத்துல ஈரம் ஏறுனா திரும்ப எந்திரிக்கும், அந்த மூத்திரத்துல இருக்கிற யூரிக் அமிலம் தண்ணியில சரியாக் கரையாது. வினிகர்ல தண்ணி கலந்து தேச்சு, ஆப்ப சோடா தூவி, காஞ்ச பிறகு கூட்டித் தள்ளுனா பரவாயில்லாம இருக்கு. பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீங்க, மூத்திரத்தோட சேந்தா நெஞ்சை அடைக்கிற வாயு வரும். கருத்தடை செஞ்சா பீச்சுறது பெரும்பாலும் குறையும்னு கால்நடை டாக்டர் சொல்லியிருக்கார், பெட்டைங்களுக்கும் செய்யணும், ரெண்டு மாசத்துல குட்டி போட்டுரும், இந்த நாலு அடுத்த வருசம் எத்தனை ஆகும்னு அக்காவுக்கும் தெரியும். "கடுவனை மொதல்ல கொண்டு போவோம் தம்பி, செலவுல பாதி எனது"ன்னு அவங்களே சொன்னாங்க. வர்ற புதன்கிழமை கூடையில வச்சு ராமநாதபுரம் கூட்டிட்டுப் போறோம்.

நேத்து ஓரத்துல ஒரு குச்சியை மெதுவாத் தோண்டிப் பார்த்தேன், வெள்ளையா விரல் நீளத்துக்கு அஞ்சாறு வேர். மொத்தம் 118 நிக்குது. அதுல பத்து கன்னு அக்கா வீட்டு வாசலுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன்.