ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்?

வேகம், தூரம், நேரம் என்றாலே முக்கோணம் போட்டு, மேலே தூரம், கீழே வேகமும் நேரமும் என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் எதை எங்கே வைப்பது என்று முழிக்கிறார்கள், ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பசங்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

சரி, நம்ம ஊர்க் கணக்காகவே போடுவோம். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் 10 நிமிஷம் தாமதம், 50 கி.மீ. வேகத்தில் போனால் 5 நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேரலாம். தூரம் எவ்வளவு? எக்ஸ் என்று வைத்துக்கொண்டு சமன்பாடு எழுதினாலும் விடை வரும். நான் எழுத மாட்டேன். 40-இல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிஷம், 50-இல் போனால் 1.2 நிமிஷம், ஆக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 0.3 நிமிஷம் மிச்சம். மொத்த மிச்சம் 15 நிமிஷம் (இங்கே 10-ஐயும் 5-ஐயும் கூட்ட வேண்டும், கழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்). 15-ஐ 0.3-ஆல் வகுத்தால் 50 கி.மீ. நிஜத் தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சராசரி வேகத்துக்கும் இதே வழி. தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும்போது 60, திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு 40. சராசரி 50 என்று எழுதினால் போச்சு! ஆப்ஷனில் 50 கண்டிப்பாக இருக்கும், வைத்திருப்பதே அதற்காகத்தான். போக ஒரு கிலோமீட்டருக்கு 1 நிமிஷம், வர ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிஷம், அதாவது மணிக்கு 48. மெதுவாக வரும்போதுதான் ரோட்டில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் சராசரியும் 40 பக்கம் சாய்கிறது. சேலம் எவ்வளவு தூரம் என்பதே இதில் தேவைப்படவில்லை பாருங்கள்.

45, 70 மாதிரி வேகம் வந்தால் தசமத்துக்குப் போகாமல் 4/3, 6/7 என்று பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் கணக்குக்கு மட்டும் இது சரிப்படாது. (ரயில் நிலையமே இல்லாத கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து பிளாட்பாரத்தைக் கடக்கும் ரயிலைக் கணக்குப் போடுகிறோம், என்ன செய்ய!) அங்கே வேகத்தை 5/18-ஆல் பெருக்கி, மீட்டருக்கும் வினாடிக்கும் மாறிவிட வேண்டும். 54 கி.மீ. என்றால் வினாடிக்கு 15 மீட்டர். 150 மீட்டர் ரயில் 300 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க 450 மீட்டர் ஓட வேண்டும், 30 வினாடி ஆகும். பிளாட்பாரத்துக்குப் பதில் மின்கம்பம் என்றால் ரயிலின் நீளம் மட்டும்தான், 10 வினாடி.